மண்டோர் எடுத்த மாத்திரைப் பெரட்டு

போன மாதம் கிளினிக்கில் என் மாத்திரையை மாற்றிவிட்டார்கள். பழையது குதிரைக்குக் கொடுப்பது மாதிரி பெரிய மாத்திரை. போட்டால் தலை சுற்றும், தூங்கினால் கண்ட கனவெல்லாம் வரும். ஒருமுறை கனவில் என் டிராக்டர் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனது. புதிய மாத்திரை சின்னது. தலை சுற்றாது, கனவும் வராது. "நல்லதுதானே அங்கிள்?" என்றார் பரமேஸ் மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்போம். நல்லதுதான். ஆனால் பதினைந்து வருடம் இலவசமாகப் படம் காட்டிக்கொண்டிருந்த கொட்டகையை மூடிவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதே மிஸ்ஸிதான் இதை எழுதச் சொன்னார். புதிதாக மாத்திரை ஆரம்பிக்கிறவர்கள் பயப்படுகிறார்களாம், பாதியில் நிறுத்திவிடுகிறார்களாம். "நீங்க எப்படி விடாம போட்டீங்கன்னு எழுதிக் குடுங்க அங்கிள், படிக்கட்டும்" என்றார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வருடம் படித்தவன். அதில் இரண்டு வருடம் ஒரே வகுப்பு. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிடுகிறாள். கட்டுரை சின்னதாக இருந்தால் காரணம் அதுதான்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கொசு கடித்து வரவில்லை. அதற்குமேல் சொல்ல முடியாது, மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ரந்தாவ் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தேன். முதலில் உதிரிப்பழம் பொறுக்கினேன். பிறகு குலை வெட்டினேன். நான் வெட்டிய குலை ஒன்று என் தோளிலேயே விழுந்தது. எனக்கு வெட்டத் தெரியாது என்பதை அன்றுதான் எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டு டிராக்டரைக் கொடுத்தார்கள். என் பேர் சின்னையா. தோட்டத்தில் கூப்பிடும் பேர் ரேடியோ. ரேடியோவையாவது மூட ஒரு பொத்தான் இருக்கும் என்பாள் என் சம்சாரம் சரசு.

விடாத காய்ச்சலுக்குப் போய்த்தான் இந்த வியாதி தெரிந்தது. சரசுவையும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசியபோது, பேசாத மாதமே தேவலை என்று இருந்தது. அதைத் தாண்டித்தான் மாத்திரைக்கு வந்தோம்.

மாத்திரை போடும் முறையை மிஸ்ஸி எனக்கு மூன்று தடவை சொன்னார். ஒரு நாளைக்கு ஒன்று. தினமும் ஒரே நேரம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடணும், ஆனால் இரண்டை ஒன்றாகப் போடக்கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, ஒரே நேரம் என்றால் எதை வைத்து என்று யோசித்தேன். சரசு பார்க்கும் தொடர் நாடகம் தினமும் ஒரே நேரத்தில்தான் முடியும். நாடகத்தில் மாமியார் அழுதுகொண்டு நிற்பாள், பாட்டு வரும், நான் மாத்திரை போடுவேன்.

மாதக் கடைசியில் மிஸ்ஸி டப்பாவைக் கொட்டிப் பார்த்தார்.

"எட்டு மாத்திரை மிச்சம் இருக்கே அங்கிள்?"

"சரியாத்தான் போட்டேன் மிஸ்ஸி."

"அப்புறம் எப்படி எட்டு?"

"சனி ஞாயிறு நாடகம் இல்லயே மிஸ்ஸி."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ரத்தத்தில் இருக்கும் கிருமிக்குச் சனி ஞாயிறு லீவு இல்லை என்று சொன்னார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. தோட்டத்தில் எனக்கும் பாதி ஞாயிறு லீவு இல்லை. அன்றிலிருந்து போனில் மணி வைத்துக்கொண்டேன்.

டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டைச் சுரண்டிவிட்டு மாத்திரைகளை ஒரு பழைய வயிற்றுவலி மாத்திரை டின்னில் போட்டு வைத்தேன். யாராவது கேட்டால் வயிற்றுவலி. வியாழக்கிழமை கிளினிக் போவது எதற்கு என்று கேட்டால் சர்க்கரை. இதனால் தோட்டத்துக் கேண்டீனில் ஆறு வருடம் எனக்குச் சீனி இல்லாத டீதான் கிடைத்தது. பொய்யை இவ்வளவு கசப்பாகக் குடித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

இனி மண்டோரைச் சொல்ல வேண்டும். மண்டோர் என்றால் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர். இவரை அங்கமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பேர் அதுவல்ல. அவருடைய மீசையைப் பற்றியும் எழுதமாட்டேன். எழுதினால் ரந்தாவில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அங்கமுத்து மண்டோர் பெரட்டு எடுப்பதைப் பார்க்க வேண்டும். சலவைச் சட்டை, கையில் நீளமான புத்தகம், காதில் சிவப்புப் பென்சில். ஒரு பேரை ஒரே தடவைதான் கூப்பிடுவார். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் காத்திருப்பார். பதில் வரவில்லை என்றால் கோடு. அன்றைக்கு அந்த ஆள் இல்லை. ஆள் முன்னாலேயே நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாலும் கோடுதான். ஒருமுறை நான் கேட்டேன், "என்னை நேருக்கு நேரா பாக்குறீங்களே மண்டோரே?" என்று.

"கண்ணால பாக்குறது என் வேலை இல்ல. காதால கேக்குறதுதான் வேலை" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எது இருந்தாலும் பெரட்டில் சொல்ல வேண்டும். காய்ச்சல், கல்யாணம், கூரை ஒழுகல், அடுத்த வீட்டு நாய் கோழியைப் பிடித்தது, எல்லாமே பெரட்டில், எல்லார் முன்னாலும். வழியில் நிறுத்திக் காதில் சொன்னால் மண்டோர் நடந்துகொண்டே "பெரட்டுல சொல்லு" என்பார். பெரட்டில் சொல்லாத ஒன்று எங்கள் தோட்டத்தில் நடந்ததாகவே ஆகாது.

எனக்கு மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வருடம். ஒரு வியாழக்கிழமை கிளினிக்கில் கடைசி அறைக்கு நடந்தேன். எங்களுக்கென்று இருக்கும் அறை அது. வெளியே ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் ஒருவன் எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்பது அதில் உட்கார்ந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அன்று அங்கே அங்கமுத்து மண்டோர் உட்கார்ந்திருந்தார். கையில் மருந்துச் சீட்டு. இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ வருகிறார் போல.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு தோட்டமே இருக்க, ரேடியோதானா வர வேண்டும் என்பது அவர் முகத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எனக்கே வாசிக்க முடிந்தது.

அந்த நேரம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். என் கையில் மிஸ்ஸிக்குக் கொண்டுபோன வாழைப்பழப் பை இருந்தது.

"சர்க்கர மருந்துக்கு அந்தப் பக்கம் வந்தேன் மண்டோரே. மிஸ்ஸிக்குப் பழம் குடுத்துட்டுப் போலாம்னு இப்படி வந்தேன். இந்தாங்க, நீங்களும் ஒரு சீப்பு வெச்சிக்குங்க."

அவர் மடியில் ஒரு சீப்பை வைத்துவிட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன். மருந்துகூட வாங்கவில்லை. மறுநாள் போய் மிஸ்ஸியிடம் திட்டோடு சேர்த்து வாங்கினேன்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சரசுவிடம்கூட. ஆனால் ரேடியோ சத்தம் இல்லாமல் இருக்கிறது என்று மண்டோருக்கு எப்படித் தெரியும்? பேசினால் கேட்கும். பேசாமல் இருப்பதை யாருக்கும் காட்ட முடியாது. கேண்டீனில் நாலு பேர் சிரித்தால் அவர் கழுத்து திரும்பும். சிரித்தது வேறு எதற்கோ. பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான்.

மூன்று மாதம் கழித்து என் முறை வந்தபோது பெஞ்சு காலி. மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எங்க மண்டோர் வந்தாரா மிஸ்ஸி?"

"எந்த மண்டோர்?"

"அதான், மீச..."

"அங்கிள், உங்க ரத்தத்த மட்டும் பாப்போம், சரியா?"

அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. எங்கள் தோட்டத்தில் பிறந்திருந்தால் ரொம்பச் சிரமப்பட்டிருக்கும்.

அடுத்த மூன்று மாதத்தில் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மண்டோர் இடுப்பு வாரில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். பிறகு இன்னொன்று. பெரட்டில் இரண்டு பேரைக் கூப்பிடுவதற்குள் அவருக்கு ஒரு இருமல் வந்தது. மிளகாய்ச் சம்பலைக் கிண்ணத்தோடு சாப்பிடுகிற மனிதர், காரம் வேண்டாம் என்று கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தபோது நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்.

என் வாய்க்குப் பயந்து ஒரு மனிதர் மருந்தை விட்டுவிட்டார். அன்று பெஞ்சில் "நானும்தான் மண்டோரே" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதினேழு வார்த்தை பேசி வாழைப்பழம் கொடுத்தேன்.

ஒருநாள் குலை ஏற்றும் இடத்தில் அவர் தனியாக நின்றார். டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"மண்டோரே, மாத்திர போடுறது இல்லயா?"

"என்ன மாத்திர?"

"எனக்கும் அதேதான் மண்டோரே. ஆறு வருசத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கி பயத்துல பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"கேண்டீன்ல எத்தன பேருடா சேந்து அனுப்புனீங்க, என் வாயப் புடுங்க?"

"சத்தியமா மண்டோரே. இந்தா பாருங்க, மாத்திர." டின்னைத் திறந்து காட்டினேன்.

"வயித்துவலி டின்னு."

"மேலதான் வயித்துவலி. உள்ள..."

"ஒரே பெரியம்மாவ மூணு தடவ சாகடிச்சு லீவு வாங்குனவன்டா நீ. நீ சொல்றத நான் நம்பணும்?"

பெரியம்மா அப்போது மம்பாவில் உயிரோடு இருந்தார்.

"மண்டோரே, நெசமா..."

"நெசம்னா பெரட்டுல சொல்லு, போ."

ஈயை விரட்டுவது போலச் சொல்லிவிட்டு நடந்தார். நடக்கும்போது கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். புது ஓட்டை போட்டும் வார் இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சரசுவிடம் சொன்னேன். "நாளைக்கி பெரட்டுல என் வியாதியச் சொல்லப் போறேன்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு?"

"ஒருத்தருக்காக."

"யாரு?"

"சொல்ல முடியாது."

மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்ல முடியாத விசயம்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பெரிய விசயம்தான்லா. சொல்லுங்க. ஆனா மொதல்ல மககிட்ட சொல்லுங்க. ஊர்க்காரன் வாயால அவ கேக்க வேணாம்."

மகள் அப்போது சுங்கை காடுட் பேக்டரியில் வேலை. வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "அம்மாவுக்கு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அம்மாவுக்கு என்னால் வராது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "எத்தன மணிக்குப் போடணும்?" என்றாள். சொன்னேன். அவ்வளவுதான் கேட்டாள். இப்போது இதை எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறாள். சளியாம்.

மறுநாள் பெரட்டு. நாற்பது பேர் இருப்போம். பத்து பேர் நம் ஆட்கள், மற்றவர்கள் இந்தோனேசியாவும் வங்காளமும். மண்டோர் என் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன் மண்டோரே. ஒரு விசயம் சொல்லணும்."

பெரட்டில் சொல்கிறேன் என்றால் மண்டோரும் தடுக்க முடியாது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. தன்னைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த ஒரு மூச்சு நேரம் அவரை அப்படி நிற்க வைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் வாக்கியத்தை வேகமாகச் சொல்லியிருக்கலாம்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. சர்க்கர எல்லாம் இல்ல. வியாழக்கெழம அதுக்குத்தான் போறேன். தெனம் ஒரு மாத்திர போடுறேன். போட்டா ஒண்ணும் ஆகாது, என்னப் பாருங்க, தின்னுட்டு நிக்கிறேன். போடலன்னாதான் போயிருவோம். அவ்வளவுதான்."

பின் வரிசையிலிருந்து ஒருவன், "மூணு தடவ செத்தாங்களே பெரியம்மா, அவங்களுக்கும் இதானா ரேடியோ?" என்றான்.

சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வங்காளத்துக்காரர்கள், மற்றவர்கள் சிரிப்பதால் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன தமாஷில் அதிகம் பேர் சிரித்தது அதற்குத்தான். அதில் தமாஷே இல்லை.

மண்டோர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தைக் குனிந்து பார்த்து அடுத்த பேரைக் கூப்பிட்டார். அந்த ஆள் பதில் சொன்னான். மண்டோர் அதே பேரை மறுபடியும் கூப்பிட்டார். அவர் ஒரு பேரை இரண்டு தடவை கூப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மத்தியானத்துக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. எவனோ உட்கார்ந்து என் வியாழக்கிழமைகளை யோசித்திருக்கிறான். மறுநாள் கேண்டீனில் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ், எனக்குப் பிளாஸ்டிக். ஆனால் டீயில் சீனி போட்டிருந்தார்கள். அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை என் முறை. பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சலவைச் சட்டையோடு மண்டோர் வந்து முன்னால் நின்றார். பெஞ்சில் ஐந்து பேர் உட்காரலாம்.

"தள்ளி உக்காருடா" என்றார்.

தள்ளினேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மிஸ்ஸி எட்டிப் பார்த்து, ஆறு மாதம் எங்கே போனீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. "வாங்க அங்கிள், மொதல்ல எடை பாப்போம்" என்றார். மண்டோர் எழுந்து போனார்.

இடையில் விட்டுவிட்டதால் பழைய மாத்திரை அவருக்கு வேலை செய்யவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பி, கொஞ்ச நாளில் டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். காலையும் இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை. எனக்கு ஒன்றுதான். மண்டோர் பதவி என்றால் சும்மாவா.

அந்தப் புது மருந்து வாங்கிய அன்று வெளியே மோட்டார் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்.

"கேட்டுக்க. நாளையிலேர்ந்து பெரட்டுல உன் பேரக் கூப்புடுவேன். ராத்திரி மாத்திர போட்டிருந்தா பதில் சொல்லு. போடலன்னா வாயத் தொறக்காத."

"மறந்துட்டு, போட்டேன்னு பொய் சொன்னா?"

"நாப்பது பேரு முன்னாடி நெசம் பேசுனவன், என் ஒருத்தன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

இதுதான் மிஸ்ஸி கேட்ட விஷயம். இப்படித்தான் நான் விடாமல் போட்டேன். போன் மணி அடிக்கும்போது சோம்பலாக இருந்தால், காலையில் நாற்பது பேர் நடுவில் அந்தக் குரல் என் பேரைக் கூப்பிடும் என்ற நினைப்பே எழுப்பிவிடும். ஒரே ஒரு தடவை தவறினேன். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் மகன் கல்யாணத்தில் ஆடிவிட்டு வந்து அப்படியே படுத்துவிட்டேன். காலையில் பேர் கூப்பிட்டபோதுதான் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு மூச்சு. கோடு.

கிராணியும் அன்று பெரட்டுக்கு வந்திருந்தார். "ஆளு நிக்கிறானே மண்டோர்?" என்றார்.

"சத்தம் வரல" என்றார் மண்டோர்.

வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டேன். பகலில் போட்டதால் சாயங்காலம் வரை வாசற்படி என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

ஆனால் மண்டோரை யார் கேட்பது? ஒருநாள் துணிந்து கேட்டேன், "நீங்க போட்டீங்களா மண்டோரே?" என்று. "மண்டோர எவன்டா கேக்குறது?" என்றார். ஆறு மாதம் விட்டவர், ஐந்து மாத்திரை, சம்சாரம் இறந்துபோய்த் தனியாக இருக்கிறார். இன்னொரு தடவை விட்டால் கொடுக்க வேறு மருந்து கிடைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை அவரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்தார். நான் தினமும் அவர் இடுப்பு வாரைத்தான் பார்ப்பேன். எந்த ஓட்டையில் இருக்கிறது என்று. ஒரு ஆண்பிள்ளை இடுப்பை அவ்வளவு கவலையோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வருடம் போனது. ஒரு காலை. பெரட்டு முடிந்தது. கடைசிப் பேருக்கும் பதில் வந்துவிட்டது. மண்டோர் புத்தகத்தை மூடவில்லை. பக்கத்தின் மேலே, எங்கள் பேர்களுக்கெல்லாம் மேலே, விரலை வைத்தார்.

"அங்கமுத்து" என்று கூப்பிட்டார்.

அந்தப் பேரில் வேறு யாரும் கிடையாது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மண்டோர் எல்லாருக்கும் காத்திருப்பது போலவே ஒரு மூச்சு இழுத்து விட்டார். பதில் வரவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.

"எல்லாரும் வேலைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

"மண்டோருக்கு வயசாயிருச்சுலா" என்றான் ஒருவன். நான் டிராக்டரைக் கிளப்பாமல் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். மீசையில் தண்ணீர் இருந்தது. பெரட்டு இடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. என் முன்னால் வந்து, நாங்கள் அவர் முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கூப்புடு" என்றார்.

"மண்டோரே..."

"பேரச் சொல்லிக் கூப்புடுடா."

"அங்கமுத்து" என்றேன்.

"இருக்கேன்" என்றார்.

அதன்பிறகு தினமும் எல்லாரும் போன பிறகு ஒரு பேர் கூப்பிட்டுவிட்டுத்தான் நான் டிராக்டரில் ஏறினேன், நாங்கள் இருவரும் வேலையை விட்டு நிற்கும் வரை. அன்று புத்தகத்தில் போட்ட கோட்டை மட்டும் அவர் அழிக்கவில்லை. முதல் தடவை கூப்பிட்டபோது பதில் வரவில்லை என்றார்.